பதனி ரூட்ல ஒரு சைக்கிள் நாள்!

ஃபிரான்ஸ் பக்கம் திராட்சை அறுவடை சீசன்ல சைக்கிளை எடுத்துக்கிட்டு தோட்டம் தோட்டமா சுத்துறது ஒரு ஜாலி டூர். மெதுவா மிதிக்கணும், நிறுத்தணும், ருசி பார்க்கணும், மறுபடி மிதிக்கணும். 'ஹூம்... நமக்கு ஏது அந்தக் கொடுப்பினை'ன்னு பெருமூச்சு விடுறீங்களா? கொஞ்சம் பொறுங்க பாஸ். அதே மாதிரி ஒரு அறுவடை தூத்துக்குடி மாவட்டத்துலயும் நடக்குது. என்ன, இங்கே அறுவடை தரையில இல்ல... அம்பது அறுபது அடி உயரத்துல!

பனங்காட்டைத்தான் சொல்றோம். பங்குனி, சித்திரை, வைகாசி... பதனி சொட்டுற காலம். உங்களுக்கு செமஸ்டர் முடிஞ்சு லீவு விடுற நேரமும் அதேதான். திருச்செந்தூர்ல கிளம்பி பரமன்குறிச்சி, உடன்குடி, குலசேகரன்பட்டினம், மணப்பாடுன்னு ஒரு ரவுண்டு அடிச்சா சுமாரா 45 கிலோமீட்டர். கியர் சைக்கிளே வேணும்னு இல்ல. அப்பாவோட பழைய சைக்கிள் போதும். காத்தடிக்க மட்டும் மறந்துடாதீங்க!

விடியுறதுக்குள்ள கிளம்புங்க

அஞ்சரை மணிக்கு பெடல்ல கால் வெச்சுடணும். ஏன்னா பனையேறும் அண்ணாச்சிகள் உங்களுக்கு முன்னாடியே எழுந்திருப்பாங்க. பரமன்குறிச்சி தாண்டும்போது ரெண்டு பக்கமும் அண்ணாந்து பார்த்துக்கிட்டே போங்க. கால்ல தளைநார், இடுப்புல பாளை அரிவாள். மரத்தைக் கட்டிப்பிடிச்சு ஏறி, உச்சியில பாளையோட நுனியை மெல்லிசா சீவி, ராத்திரி முழுக்க கலயத்துல சொட்டின பதனியை இறக்கிட்டு வருவாங்க. சாயங்காலம் மறுபடி ஏறணும். ஒரு மரம் இல்ல, வரிசையா பல மரம். சீவாம விட்டா பாளை காய்ஞ்சிடும். அதனால சீசன்ல ஞாயித்துக்கிழமை லீவு, காய்ச்சல் லீவு எதுவும் கிடையாது. நாம காலேஜுக்கு மூணாவது மாடி ஏறவே லிஃப்ட் தேடுறோம்!

இன்னொரு விஷயம். பனையில ஆண் மரம், பெண் மரம்னு தனித்தனி. நுங்கு பெண் பனையில மட்டும்தான். பதனி ரெண்டுலயும் வரும்.

இறங்கினதும், "அண்ணாச்சி, பயினி இருக்கா?"ன்னு கேளுங்க. இந்தப் பக்கத்துல பதநீருக்கு அதுதான் செல்லப் பேரு. பனை ஓலையை மடிச்சு செஞ்ச பட்டையில ஊத்திக் குடிச்சுப் பாருங்க. ஓலை வாசமும் இனிப்புமா சும்மா ஜிவ்வுன்னு இறங்கும்!

ஒரு விரல் சுண்ணாம்பு

கலயத்துக்குள்ள எட்டிப் பாருங்க. உள்பக்கம் வெள்ளையா சுண்ணாம்பு தடவியிருக்கும். விஷயமே அதுலதான் இருக்கு. சுண்ணாம்பு இருந்தா சாறு புளிக்காது, அது பதனி. சுண்ணாம்பு இல்லாம விட்டா காத்துல இருக்கிற ஈஸ்ட் வேலையை ஆரம்பிச்சு, சர்க்கரையை ஆல்கஹாலா மாத்திடும், அது கள். திராட்சை ஒயினாகுறதும் இதே கெமிஸ்ட்ரிதான். அங்கே ஒயினுக்கு ஊரே திருவிழா கொண்டாடுது. இங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. தடையை நீக்கணும்னு பனை விவசாயிகள் கேட்டுக்கிட்டு இருக்காங்க, கூடாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. பட்டிமன்றத்தை உங்க கேன்டீன்ல வெச்சுக்கோங்க. இங்கே நமக்கு பதனி போதும்!

விடிலிக்குள்ள ஒரு விசிட்

வெயில் ஏறும்போது உடன்குடி வட்டாரத்துக்கு வந்திருப்பீங்க. காட்டுக்குள்ள புகை வந்தா அங்கே சைக்கிளைத் திருப்புங்க. அது விடிலி, பதனி காய்ச்சுற ஓலைக் குடிசை. பெரும்பாலும் அந்த வீட்டு அக்காவோ ஆச்சியோதான் அடுப்பு முன்னால. வெளியே வெயில், உள்ளே அனல். அஞ்சு நிமிஷம் நின்னாலே நமக்கு சட்டை நனைஞ்சுடும். அவங்க மணிக்கணக்கா துழாவணும். பொங்கி வழியாம இருக்க ஆமணக்கு முத்தைப் பொடிச்சு ஒரு சிட்டிகை போடுவாங்க. பதம் வந்ததும் சிரட்டையில ஊத்தி ஆறவெச்சா கருப்பட்டி. பத்து லிட்டர் பதனியைக் காய்ச்சினா சுமாரா ஒரு கிலோதான் தேறும். அடுத்த தடவை கருப்பட்டி விலையைக் கேட்டு, "என்னது, இவ்ளோவா?"ன்னு வாயைப் பொளக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுக்கோங்க.

உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. ஆனா சீனி கலந்த கருப்பட்டியும் மார்க்கெட்ல சக்கைப்போடு போடுது. அதனால முடிஞ்சா விடிலியிலயே வாங்குங்க. காசும் நேரா அந்த அடுப்படிக்கே போகும்.

சாயங்காலம் கடலோரம்

மத்தியானம் ஏதாவது நிழல்ல கட்டையைச் சாய்ச்சுட்டு, மூணு மணிக்கு மேல குலசை வழியா மணப்பாடு போங்க. ஒரு காலத்துல முத்துக்குளித்த கரை இது. 1542-ல் பிரான்சிஸ் சேவியர் வந்து நடந்த கரையும் இதுதான். மணல் குன்று மேல 1581-ல் கட்டின திருச்சிலுவை ஆலயம். அங்கே நின்னா ஒரு பக்கம் கடல். மறுபக்கம் நீங்க காலையில இருந்து மிதிச்சு வந்த பனங்காடு.

அங்கே உட்கார்ந்து ஒரு நிமிஷம் யோசிங்க. பனை, தமிழ்நாட்டோட மாநில மரம். வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்ல அரசு அறிவிச்சது. விதை நடவும் ஆள் இருக்கு. உங்க காலேஜ் என்.எஸ்.எஸ்.லயே நட்டு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சிருப்பீங்க. ஆனா அந்த விதை வளர்ந்து பாளை விட பத்து, பதினைஞ்சு வருஷமாவது ஆகும். அன்னைக்கு அதுல ஏற யார் இருப்பா?

இன்னைக்கு ஏறுறவங்கள்ல பலர் வயசானவங்க. பிள்ளைங்க காலேஜ்ல படிக்கிறாங்க, ஒருவேளை உங்க பெஞ்ச்லயே. அவங்களைப் படிக்காதே, ஏறுன்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல. விழுந்தா எலும்பு மிஞ்சாத வேலை. ஆனா ஆபத்து இல்லாம ஏற ஒரு நல்ல மெஷின், கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான டெஸ்ட், பதனியைக் கெடாம ஊர் ஊரா அனுப்ப ஒரு வழி... மெக்கானிக்கல், கெமிஸ்ட்ரி, ஃபுட் டெக்னாலஜி மக்களே, புராஜெக்ட்டுக்கு டாபிக் இல்லைன்னு இனிமே சொல்வீங்களா?

இருட்டுறதுக்குள்ள ஆலந்தலை வழியா திருச்செந்தூர் திரும்பிடுங்க. கேரியர்ல ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டி இருக்கட்டும். வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட கொடுத்து கருப்பட்டி காபி போடச் சொல்லுங்க. குடிக்கிறப்போ, அந்நேரம் ரெண்டாவது தடவையா மரம் ஏறி இறங்கின அண்ணாச்சியை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.