அசையா ஒளி

திரையிலே பொம்மை ஒன்று நடக்கின்றது, கை வீசுகின்றது, முறுவலிக்கின்றது. உண்மையில் அது தானாக அசைவதே இல்லை. கலைஞர் அதனைச் சிறிது நகர்த்தி ஒரு படம் எடுக்கின்றார். மீண்டும் நகர்த்தி மற்றொரு படம் எடுக்கின்றார். அப்படங்களை விநாடிக்கு 24 வீதம் ஓட்டும்பொழுது பொம்மை உயிர் பெறுகின்றது.

விளக்கொளியே ஒருவரை இக்கலையின்பால் திருப்பியது. லித்துவேனியாவிலுள்ள கௌனஸ் நகரில் இருந்த ஸ்டாரெவிச் என்பார், 1910-ஆம் ஆண்டில் கொம்பு வண்டுகளின் போரைப் படமெடுக்க முயன்றார். இரவில் திரியும் அவ்வண்டுகள் விளக்கொளி பட்டதும் அசைவற்றுக் கிடந்தன. எனவே, அவர் இறந்த வண்டுகளுக்குக் கம்பியால் கால்கள் அமைத்து, அவற்றைப் போரிடச் செய்தார்.

இக்கலையில் பொம்மை அசையலாம். ஒளி அசைதல் கூடாது. சில விநாடிக் காட்சியை எடுக்கவே ஒரு நாள் முழுதும் ஆகும். அதற்குள் கதிரவன் இடம் மாறுவான், மேகமும் மறைக்கும். அவ்வொளியில் எடுத்த படங்களை ஓட்டினால் காட்சி மினுக்கு மினுக்கென்று துடிக்கும். ஆதலால் சாளரங்களைக் கருந்துணியால் மூடி, மின்விளக்குகளையே பயன்படுத்துவர். மின்னழுத்தம் ஏறி இறங்காவண்ணம் காப்பர். விளக்குத் தண்டுகளைத் தரையோடு பிணைப்பர். கலைஞரும் கறுப்பு உடையே அணிவர். வெண்சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளியும் பொம்மையின் முகத்தை வெளுக்கச் செய்யும் அன்றோ?

பொம்மைக்கு உயிர் தருவது கலைஞரின் கை. அவ்வுயிரைக் காப்பது நிலைத்த ஒளி.