வாழைப்பழமும் ஒரு விசைப்பலகைதான்!

மாணவர்களே, ‘ஸ்க்ராட்ச்’ நிரலில் வரும் பூனையை வாழைப்பழத்தைத் தொட்டே குதிக்க வைக்கலாம் என்றால் நம்புவீர்களா? செந்தூல் சந்தையில் வாங்கிய சாதாரணப் பழம் போதும். கணினியில் புதிய மென்பொருள் எதையும் பதிவிறக்கத் தேவையில்லை.

தேவைப்படுவது ‘மேக்கி மேக்கி’ என்னும் சிறு மின்பலகை. எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் 2012இல் இதை வெளியிட்டனர். ஒரு கம்பியைப் பழத்தில் கவ்வ விட்டு, ‘எர்த்’ கம்பியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையால் பழத்தைத் தொட்டதும் மின்சுற்று நம் உடல் வழியே முழுமையடைகிறது. பயம் வேண்டாம். யுஎஸ்பி தருவது 5 வோல்ட். பலகையிலுள்ள மின்தடை 22 மெகாஓம். ஓம் விதிப்படி வகுத்துப் பாருங்கள், மின்னோட்டம் 0.23 மைக்ரோஆம்பியரைத் தாண்டாது.

சுற்று முழுமையானதும், “இடைவெளி விசை அழுத்தப்பட்டது” என்று பலகை கணினிக்குச் சொல்கிறது. கணினி அதை ஏன் நம்புகிறது?

யுஎஸ்பியில் செருகும் ஒவ்வொரு கருவியும் முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். தயாரிப்பாளர் எண், பொருள் எண், தான் எந்த வகை என்பதையெல்லாம் சொல்லும். விசைப்பலகை, சுட்டி போன்றவை ‘ஹெச்ஐடி’ என்ற வகையைச் சேர்ந்தவை. அதற்கான இயக்கி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. எளிய விசைப்பலகை ஒவ்வொரு முறையும் 8 பைட் அறிக்கை அனுப்பும். முதல் பைட் ஷிப்ட், கண்ட்ரோல் போன்ற விசைகளுக்கு, இரண்டாவது காலி, மற்ற ஆறும் அழுத்தப்பட்ட விசைகளின் எண்கள். ‘ஏ’ விசையின் எண் 4. அழுத்தியது விரலா, பழமா என்பது அந்த அறிக்கையில் இல்லை!

இந்த நம்பிக்கையில்தான் ஆபத்தும் இருக்கிறது. பென் டிரைவ் போலத் தோன்றும் கருவி “நான் விசைப்பலகை” என்று பொய் சொல்லி, தானாகவே கட்டளைகளைத் தட்டச்சு செய்ய முடியும். 2014இல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினர். ஆகவே, பள்ளி வளாகத்தில் கிடந்த பென் டிரைவைக் கணினி அறையில் செருகிப் பார்க்காதீர்கள். ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

‘மைக்ரோபிட்’டை ‘மேக்கோட்’ இணையப் பக்கத்தோடு இணைக்கும்போது கதை வேறு. உலாவி ஒரு பட்டியலைக் காட்டும்; கருவியை நீங்களே தேர்ந்தெடுத்தால்தான் இணைப்பு கிடைக்கும். பலர் இதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கோ இது மிகவும் பிடித்திருக்கிறது. கேட்காமலே எல்லா இணையப் பக்கங்களும் யுஎஸ்பி கருவிகளைத் தொட முடிந்தால் என்ன ஆகும்? விசைப்பலகையை நேரடியாகப் படிக்கும் பக்கம் உங்கள் கடவுச்சொல்லையும் படித்துவிடும். பட்டியலில் மைக்ரோபிட் வரவே இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்களில் மின்சாரம் மட்டுமே போகும், தரவு போகாது.

பழத்தைத் தொட்டும் பூனை அசையவில்லையா? ஸ்க்ராட்ச் மேடையை ஒருமுறை சொடுக்குங்கள். விசைச் செய்தி திறந்திருக்கும் வேறு சாளரத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். கையை எடுக்காவிட்டால் பூனை குதித்துக்கொண்டே இருக்கும், ஏனெனில் அழுத்திய விசையைக் கணினி மீண்டும் மீண்டும் அனுப்பும். குதிக்கும் கட்டளைக்குக் கீழே, ‘விசை விடுபடும் வரை காத்திரு’ என்ற பொருள்படும் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு தொடுதலுக்கு ஒரு குதி மட்டுமே.