வடுவும் முறிவும்

நெடுநாள் கையாண்ட பொருளின்மீது மனிதன் பற்றுக் கொள்வது இயல்பு. உழவனுக்கு ஏரும், தச்சனுக்கு உளியும், புலவனுக்கு எழுதுகோலும் வெறுங் கருவிகள் அல்ல, உடனுழைத்த தோழர்கள். இக்காலத்தில் அவ்வரிசையில் மோட்டார் சைக்கிளும் இடம்பெற்றுவிட்டது. நாள்தோறும் காலையில் தொழிற்சாலைக்குச் சுமந்து சென்று, மாலையில் இல்லம் கொண்டுவந்து சேர்த்த ஊர்தி ஒருநாள் விபத்தில் சிதைந்து கிடந்தால், உரியவனின் உள்ளம் கலங்குகிறது. அதனைச் செப்பனிடுவதா, கைவிடுவதா என்னும் வினா எழுகிறது. அன்பு ஒருபுறமும் அறிவு மறுபுறமும் நின்று வழக்காடும் இவ்வினாவுக்கு விடை காணும் முறையைத் திருமுல்லைவாயில் என்னும் ஊரை முன்வைத்து ஆராய்தல் பயன்தரும்.

திருமுல்லைவாயில் சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்துள்ளது. சீகாழிக்கு அருகிலும் இப்பெயருடைய தலம் ஒன்று இருப்பதால், இதனை வடதிருமுல்லைவாயில் என்றும் வழங்குவர். முற்காலத்தில் தொண்டைமான் என்னும் வேந்தன் பகைவர்மேற் படையெடுத்து வந்தபோது, அவனது யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. கொடியை அறுக்க அவன் வாளை வீசினான். அவ்வாள் புதரினுள் மறைந்திருந்த சிவலிங்கத்தின்மேற் பட்டுக் குருதி பெருகிற்று என்று தலவரலாறு கூறுகிறது. வேந்தன் அஞ்சி நடுங்கினான். ஆயினும், வெட்டுண்ட இலிங்கத்தை அகற்றிவிட்டு வேறொன்றை நிறுவ எண்ணவில்லை. அதற்கே கோயில் எடுத்தான். இன்றும் அத்திருமேனி சந்தனக் காப்புடன் விளங்குகிறது. வாளின் வடுவைத் தாங்கிய அவ்விறைவனுக்கு மாசிலாமணீசுவரர் என்பது திருப்பெயர். வடு உண்டு; ஆயினும் மாசு இல்லை என்பது அப்பெயர் உணர்த்தும் குறிப்புப் போலும்.

இக்கோயிலைச் சூழ்ந்த நிலப்பகுதி பிற்காலத்தில் தொழில் வளம் பெற்றது. 1949ஆம் ஆண்டு அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தோன்றியது. 1964இல் அவ்வூரில் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடியில் படைத்துறைக்குரிய ஊர்திகளைச் செய்யும் தொழிற்சாலை எழுந்தது. ஆலைகள் பெருகவே, அவற்றிற்குச் செல்லும் தொழிலாளரின் மோட்டார் சைக்கிள்களும் சாலைகளில் பெருகின.

அவ்வூர்திகளுள் மக்களின் பேரன்பைப் பெற்றது ‘புல்லட்’ ஆகும். 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச்சு நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து ‘என்பீல்டு இந்தியா’ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. சென்னைக்கு வடக்கேயுள்ள திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. காலப்போக்கில் இங்கிலாந்தில் இருந்த தாய் நிறுவனம் மறைந்தது. திருவொற்றியூரில் வளர்ந்த சேயோ நிலைபெற்றது. பழைய 350 சி.சி. புல்லட்டின் உருளை 70 மில்லிமீட்டர் விட்டமும், அதனுள் இயங்கும் பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர் நீளமும் உடையவை. விட்டத்தினும் ஓட்டம் மிக்கிருத்தலால் எஞ்சின் நிதானமாக அதிரும். தெருமுனையில் அவ்வொலி கேட்டவுடனே, தந்தை வந்துவிட்டார் என்று குழந்தைகள் வாயிலுக்கு ஓடும் இல்லங்கள் பலவாம்.

இத்தகைய ஊர்தி நெடுஞ்சாலையில் லாரியொன்றின் பின்புறத்தில் மோதி நொறுங்கியது என்று கொள்வோம். அதற்குரியவன் திருமுல்லைவாயிற் கோயிலை எண்ணி, வெட்டுண்டது என்பதற்காகத் தொண்டைமான் கைவிட்டானா என்று வினவலாம். அவ்வினா உயர்ந்த உள்ளத்தில் பிறப்பதே. ஆயினும், உவமையை அதன் எல்லை அறிந்து கொள்ளுதல் வேண்டும். நிலைபெற்ற கல்லில் உள்ள வெட்டு வழிபடுவோர்க்கு ஊறு செய்யாது. விரைந்தோடும் ஊர்தியில் உள்ள முறிவோ ஏறியவனின் உயிரையே வாங்கிவிடும். ஆதலின், ஊர்தி அடைந்தது வடுவா, முறிவா என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

கலத்தில் விழுந்த பள்ளம், வளைந்த சேறுதாங்கி, உடைந்த விளக்கு, உரிந்த வண்ணம் ஆகியவை வடுக்கள். இவற்றைச் சீராக்கலாம், மாற்றவும் மாற்றலாம். முறிவு என்பது ஊர்தியின் எலும்புக்கூடாகிய சட்டகத்தைப் பற்றியது. பட்டறையில் இதனைச் சேசிஸ் என்பர். ‘செய்தான்’ என்னும் சொல்லில் ‘ஆன்’ என்னும் விகுதியை நீக்கி ‘ஆள்’ என்பதைச் சேர்த்தால் ‘செய்தாள்’ என்றாகும். விகுதி மாறினும், ‘செய்’ என்னும் பகுதி நிலைத்து நின்று பொருள் தருகிறது. பகுதி சிதைந்தால் அச்சொல்லே இல்லை. ஊர்திக்குப் பகுதியாவது சட்டகமே. அதன் அடையாள எண்ணும் சட்டகத்திலேயே பொறிக்கப்பட்டுப் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுகிறது.

சட்டகத்தை ஆராயும் முறைகள் சில உள. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று நீண்ட நேர்ச்சட்டம் ஒன்றை வைத்துக் காணலாம். கைப்பிடி சட்டகத்தோடு சேரும் கழுத்துப் பகுதியில் வண்ணம் சுருங்கியோ வெடித்தோ இருப்பின், அதன் அடியிலுள்ள எஃகு வளைந்ததற்கு அஃது அறிகுறியாகலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் ‘போர்க்’ குழாய்களைக் கழற்றிச் சமதளமான கண்ணாடிமேல் உருட்டினால், சிறு வளைவும் புலப்பட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காண, அதில் ஊறிப் புகும் வண்ண நீர்மத்தைப் பூசிச் சோதிப்பதும் உண்டு. இவையெல்லாம் தேர்ந்த தொழில்வல்லாரைக் கொண்டு செய்யத்தக்கவை.

வளைந்த சட்டகத்தை நிமிர்த்திவிட்டால் போதாதோ என்று சிலர் கேட்பர். ஓர் இரும்புக் கம்பியை ஓரிடத்திலேயே பலமுறை வளைத்தும் நிமிர்த்தும் பார்த்தால், அவ்விடம் கடினப்பட்டு முடிவில் ஒடிந்துபோகும். நிமிர்ந்த தோற்றம் பெற்றதனாலேயே உலோகம் பழைய வலிமையைப் பெற்றுவிடுவதில்லை. கழுத்துப் பகுதியில் வெடிப்புக் கண்ட சட்டகத்தை ஒட்டவைத்து ஓட்டத் துணிதல் அறிவுடைமை ஆகாது.

அடுத்து ஆராய வேண்டுவது செலவு. முழுமையான காப்பீடு செய்யப்பட்ட ஊர்தியாயின், செப்பனிடும் செலவு அதன் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டிற்கு மேற்படும்போது, அதனை முழு இழப்பாகக் கொள்வது காப்பீட்டு வழக்கம். சான்றாக, 1,00,000 ரூபாய் மதிப்புள்ள ஊர்திக்கு 80,000 ரூபாய் செலவாகுமெனில் அது முழு இழப்பாகும். அவ்வளவிற்கு உட்பட்டதாயினும், செலவு முழுவதும் கிடைப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக், மின்கலம் போன்றவற்றின் விலையில் பாதி, தேய்மானமாகக் கழிக்கப்படும். பிறர்க்கு நேரும் இழப்பை மட்டும் காக்கும் காப்பீடு உடையவனுக்கு, தன் ஊர்திக்கென ஒன்றும் கிடைக்காது. வீட்டின் அடுப்பும் பிள்ளைகளின் கல்வியும் அப்பணத்தையே நம்பியிருக்குமாயின், பற்றைச் சற்றே அடக்கிக்கொள்ளுதல் கடமையாகும்.

சட்டகம் பழுதின்றி இருந்து, செலவும் தாங்கத்தக்கதாயின், செப்பனிடுதலே சிறந்தது. ஓடக்கூடிய பொருளை வீணே எறிதல் அதை ஆக்கிய உழைப்பை இகழ்வதாகும். சட்டகம் முறிந்ததாயின், மனத்தைத் தேற்றிக்கொண்டு விடைகொடுத்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, இனி ஓடவே இயலாதவாறு அழிந்த ஊர்தியைப் பற்றி 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், பதிவு அலுவலகத்திற்கு அறிவிப்பது உரியவனின் கடமை. பழுதற்ற உறுப்புகள் பிற ஊர்திகளுக்குப் பயன்படலாம். ஆனால், முறிந்த சட்டகத்திற்கு வண்ணம் பூசி, குறையை மறைத்து, மற்றொருவனுக்கு விற்றல் கொடுஞ்செயல். தன் உயிருக்கு அஞ்சி விட்டதனைப் பிறன் உயிருக்கு வைக்கும் கண்ணியாக ஆக்குதல் எவ்வாற்றானும் தகாது.

ஊர்தியைப் பற்றிய ஆராய்ச்சியில் ஊர்ந்தவனை மறந்துவிடலாகாது. அரேபியப் போராட்டத்தில் புகழ்பெற்ற ஆங்கிலேயரான லாரன்சு என்பவர் மோட்டார் சைக்கிளிடம் தீராக் காதல் கொண்டிருந்தார். 1935ஆம் ஆண்டு மே மாதம், எதிர்ப்பட்ட மிதிவண்டிச் சிறுவர் இருவர்மேல் மோதாதிருக்க முயன்றபோது அவர் தூக்கி எறியப்பட்டார். தலையில் காயமுற்று, நினைவு திரும்பாமலே ஆறு நாட்களுக்குப்பின் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 46. அவருடைய ஊர்தி பின்னர்ச் செப்பனிடப்பட்டது. அவருக்குப் பின்னும் அது நிலைத்திருக்கிறது. அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவருள் ஒருவரான இயூ கெய்ர்ன்சு, அந்நிகழ்ச்சியால் உள்ளம் தூண்டப்பெற்று, மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் ஆய்வுரை வெளியிட்டார். தலைக்கவசம் படைத்துறையிலும் பின்னர்ப் பொதுமக்களிடையிலும் பரவுவதற்கு அவ்வாய்வு துணைநின்றது. விபத்தில் அடிபட்ட தலைக்கவசத்தை மட்டும் செப்பனிடலாகாது. அதன் உட்புறத்து நுரைப்பொருள் ஒருமுறை நசுங்கி அடியைத் தாங்கியபின், அவ்வலிமை மீளாது. வெளியே கீறல் சிறிதாயினும் புதியது வாங்குதலே முறை.

இரும்பைச் செப்பனிடப் பட்டறைகள் பல உண்டு. மூளையைப் புதிதாகச் செய்து பொருத்தும் பட்டறை உலகில் எங்கும் இல்லை. ஆகவே, வடுவாயின் அன்போடு காத்தலும், முறிவாயின் துணிவோடு நீக்கலும் வேண்டும். தன்னைச் சுமந்த ஊர்தியின்மீது ஒருவன் கொண்ட அன்பு மெய்யாயின், அது வீட்டு வாயிலில் தனக்காகக் காத்திருப்போர்மீது கொண்ட அன்பிற்குப் பின்னரே நிற்றல் வேண்டும்.