பெருவிரல் நகத்தடியில் ஓர் எலும்பு

நம் வாலாஜாபேட்டைக் கடைவீதியில் காலில் சரக்கு விழாத ஆள் அரிது. மண்டியில் அரிசி மூட்டை, இரும்புக் கடையில் கம்பிக்கட்டு, எண்ணெய்க் கடையில் டின். நகம் கறுக்கும், விழும், புதிது முளைக்கும்; அத்தோடு போய்விட்டால் சரி. சிலருக்கு மட்டும் சில மாதங்களில் பெருவிரல் நகத்தின் நுனிக்கு அடியில் கல் போல ஒரு கட்டி தலைகாட்டி நகத்தை மேலே தூக்குகிறது. செருப்போடு சமாளிக்கலாம், ஷூ போட்டால் உயிர் போகும்.

நம்மவர்கள் இதை நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைச் செருகுகிறார்கள். மரு என்று சுண்ணாம்பு வைக்கிறார்கள். ஆணி என்று பிளேடால் சீவுகிறார்கள். சீவினால் ரத்தமும் சீழும்தான் மிச்சம். ஏனெனில் அது விரலின் கடைசி எலும்பிலிருந்து கிளம்பும் எலும்பு வளர்ச்சி. டாக்டர்கள் 'சப்அங்குவல் எக்ஸாஸ்டோசிஸ்' என்பார்கள். பாரிஸ் அறுவை நிபுணர் துப்யூத்ரான் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரும்பாலும் 10 முதல் 30 வயதுக்காரர்களுக்கு வருவது. நம் கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களும், ஷூ மாட்டிப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளும் அந்த வயதினரே. அடிபட்டதால் வரலாம், அடியே படாதவர்களுக்கும் வருகிறது. இது புற்றுநோய் அல்ல.

கண்டுபிடிக்கப் பெரிய செலவில்லை. விரலைப் பக்கவாட்டில் வைத்து எடுத்த எக்ஸ்ரே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். கட்டியின் தலை குருத்தெலும்பாக இருப்பதால், ஆரம்பத்தில் படத்தில் சிறிதாகவே தெரியும். அதை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம்.

மாத்திரையும் களிம்பும் இதைக் கரைக்காது. வலி தொடர்ந்தால் அறுவைதான். விரலை மட்டும் மரத்துப்போகச் செய்து, தேவையான அளவு நகத்தை நீக்கி, கட்டியை அடிவேரோடு செதுக்கி எடுக்கிறார்கள். அன்றே வீடு திரும்பலாம். மேலாகக் கிள்ளினால் மறுபடி முளைக்கும்: வட்டியைக் கட்டி அசலை விட்ட கதை. எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நகத்தடியில் வரும் கெட்ட கட்டிகளும் சில நேரம் இதே வேஷத்தில் வரும். அடிபடாமலே நகத்தடி கறுத்துப் பரவினால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் (நம் சங்கத்தில் இவர்களுக்குப் பஞ்சமில்லை) வீட்டில் பிளேடைத் தொடவே கூடாது.

நமக்கு அலைச்சலும் இல்லை. ஊரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. 1900-இல் தொடங்கிய சி.எம்.சி. பக்கத்து வேலூரில் இருக்கிறது. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறுவை முடிந்தவருக்குச் சில வாரம் முன்பக்கம் திறந்த செருப்புதான். ஊரெல்லாம் ஷூ தைக்கும் வட்டாரத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! கடை ஆளாக இருந்தால், புண் ஆறும்வரை மூட்டைப் பக்கம் அனுப்பாமல் பில் எழுத உட்கார வையுங்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.