சொட்டு போட்ட பிறகும் ஏன் பேதி?

"மூணு தவணை சொட்டும் போட்டாச்சு. அப்புறமும் புள்ளைக்கு வயித்தால போகுதே, அப்போ அந்த மருந்து எதுக்கு?" தடுப்பூசி போடும் புதன்கிழமையன்று எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காதில் விழக்கூடிய கேள்வி இது. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. போலியோ சொட்டு போட்டால் போலியோ வராது என்று சொல்லிச் சொல்லியே பழக்கியிருக்கிறோம். ரோட்டா வைரஸ் சொட்டுக்கும் அதே கணக்குதான் என்று ஒரு தாய் நினைப்பது இயல்பு.

கேள்வியின் ஒரு பாதிக்கு விடை எளிது. குழந்தைக்குப் பேதி வர ரோட்டா ஒன்றே காரணம் அல்ல. வேறு வைரஸ்களும் பாக்டீரியாக்களும் ஏராளம் உண்டு. ரோட்டா சொட்டு அவற்றைத் தொடாது. மறு பாதிதான் சுவையானது. ரோட்டாவே வந்து பேதியானாலும் சொட்டு வீணாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இதைப் புரிந்துகொள்ள மெல்போர்னிலிருந்து தொடங்கி வேலூருக்கு வர வேண்டும்.

1973-ல் மெல்போர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் ரூத் பிஷப்பும் அவருடைய சகாக்களும் கடும் பேதியால் அவதிப்பட்ட குழந்தைகளின் சிறுகுடல் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, சக்கர வடிவத் துகள்கள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. அதுவரை காரணம் தெரியாமல் இருந்த குழந்தைப் பேதிகளில் பெரும்பங்குக்கு அந்த வைரஸ்தான் பொறுப்பு என்று பின்னால் தெளிவானது. பத்தாண்டு கழித்து, 1983-ல், அதே பிஷப் இன்னொரு முடிவை வெளியிட்டார். பிறந்த சில நாட்களிலேயே ரோட்டா தொற்றிய சிசுக்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், அவர்களுக்கும் மற்ற குழந்தைகளைப் போலவே மறுபடி தொற்று வந்தது. ஆனால் வந்த நோய் லேசாக இருந்தது. ரோட்டா நோய் எதிர்ப்பின் சூத்திரம் முழுவதும் இதற்குள் இருக்கிறது: உடல் வைரஸை வாசலிலேயே மறிப்பதில்லை, அது செய்யும் சேதத்தைக் குறைக்கிறது.

எத்தனை தொற்றுக்குப் பிறகு இந்தப் பாதுகாப்பு கிடைக்கும்? மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு 1996-ல் வந்தது. இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைகள் யாருக்கும் அதற்குமேல் மிதமான பேதியோ கடும் பேதியோ வரவில்லை. இயற்கையான இரண்டு தொற்றுக்கு ஈடாக இரண்டு மூன்று தவணை சொட்டு கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு வலுச் சேர்த்தது இந்த ஆய்வு.

அந்த நம்பிக்கையை அசைத்தது வேலூர். சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா ஆகிய நெரிசலான குடியிருப்புகளில் 2002, 2003-ல் பிறந்த குழந்தைகளை கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் குழுவினர் மூன்று வயது வரை கண்காணித்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீடு தேடிப் போனார்கள். பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம் சேகரிக்கப்பட்டது. கடைசிவரை நிலைத்தவர்கள் 373 குழந்தைகள். இப்படி மெனக்கெட்டுச் செய்த ஆய்வுகள் உலகத்திலேயே குறைவு. அந்த வீடுகளின் தாய்மார்களுக்கு இந்தியத் தடுப்பு மருந்து வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

2011-ல் வெளியான முடிவு இது. ஆறு மாதம் நிரம்புவதற்குள் 56 சதவீதக் குழந்தைகளுக்கு ரோட்டா தொற்றிவிட்டது. கண்டறிந்த தொற்றுகளில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் முதல் தொற்று; மற்றவை எல்லாம் மறுபடி மறுபடி வந்தவை. மூன்று முறை தொற்று வந்த பிறகும் மிதமான, கடும் நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம் மட்டுமே. மெக்சிகோவில் இரண்டில் முடிந்த பாடம் வேலூரில் மூன்றிலும் முடியவில்லை.

இங்கே எதிர்ப்பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோட்டா தாக்குவது சிறுகுடலின் குடலுறிஞ்சிகளின் நுனியில் உள்ள செல்களை. போர் நடக்கும் இடம் குடல். எனவே காவலும் அங்கேதான் தேவை. குடல் சுவருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. அது குடலின் உட்பக்கம் கசிந்து வைரஸைப் பற்றிக்கொள்கிறது. வைரஸின் வெளி உறையில் விபி7, விபி4 என்று இரண்டு புரதங்கள். இவற்றைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கின்றன. ஆனால் உடல் அதிகம் தயாரிப்பது நடு அடுக்கில் உள்ள விபி6-க்கு எதிரானவற்றை. ஆய்வகக் குடுவையில் இவை வைரஸை ஒன்றும் செய்வதில்லை. அப்படியும் எலிகளில் இவை பாதுகாப்புத் தந்தன. குடல் செல்லைக் கடந்து வெளியேறும் வழியில், செல்லுக்குள்ளேயே வைரஸை இவை மடக்குகின்றன என்பதுதான் விளக்கம்.

சிக்கல் என்னவென்றால், குடலில் இருக்கும் ஐஜிஏவை நேராக அளப்பது கடினம். அதனால் ரத்தத்தில் உள்ள ஐஜிஏவை அளக்கிறார்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சொல்வதைப் போன்ற கணக்கு இது. பெரும்பாலும் சரியாக வரும். சில நேரம் ஏமாற்றும். தடுப்பு மருந்து போட்டும் ரத்தத்தில் ஐஜிஏ உயராத குழந்தைக்குப் பாதுகாப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மறுதலையாக, ரத்தத்தில் எதிர்ப்பொருளை ஏற்றிவிட்டால் போதும் என்றும் இருக்க முடியாது. குடலைத் தொடாமல் தசையில் ஊசியாகப் போடும் ரோட்டா தடுப்பு மருந்து ஒன்றை ஆப்பிரிக்காவில் பெரிய அளவில் சோதித்தார்கள். வாய்வழிச் சொட்டைவிட அது மேலாக வராது என்று தெரிந்ததும் 2022-ல் சோதனை நிறுத்தப்பட்டது.

இந்தியச் சொட்டின் கதையும் சிசுக்களிலிருந்தே தொடங்குகிறது. 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் மகாராஜ் கிஷன் பான், பிறந்த குழந்தைகளுக்கு எந்த நோயும் உண்டாக்காமல் பரவிய ஒரு ரோட்டா ரகத்தைக் கண்டார். அது தொற்றிய குழந்தைகளுக்குப் பிற்பாடு ரோட்டா பேதி குறைவாக வந்தது. 116இ என்ற அந்த ரகமே பாரத் பயோடெக்கின் ரோட்டாவாக் ஆனது. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் முதல் ஆண்டில் கடும் ரோட்டா பேதியை அது 56 சதவீதம் தடுத்தது. 2016-ல் தேசியத் திட்டத்தில் சேர்ந்து, 2017-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது.

56 சதவீதம்தானா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பணக்கார நாடுகளில் ரோட்டா சொட்டுகள் 85 சதவீதத்துக்கு மேல் வேலை செய்கின்றன. குறை நம் தயாரிப்பில் இல்லை. வெளிநாட்டு நிறுவனத்தின் ரோட்டாரிக்ஸ் சொட்டும் மலாவியில் 49 சதவீதத்தைத்தான் எட்டியது. மருந்து மாறவில்லை, அது போய்ச் சேரும் குடல்தான் வேறு.

காரணங்களில் முதலாவது தாயே. ஊரெங்கும் ரோட்டா சுற்றிக்கொண்டிருக்கும்போது தாயின் உடலில் எதிர்ப்பொருள் மிகுதியாக இருக்கும். நஞ்சுக்கொடி வழியாக அது குழந்தைக்குப் போகிறது. பிறந்த சில மாதங்களுக்கு அது நல்ல காவல். ஆனால் சொட்டில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான். அது குடலில் பெருகினால்தான் குழந்தையின் உடல் பாடம் கற்கும். தாய் தந்த எதிர்ப்பொருள் அந்தப் பெருக்கத்தையும் அடக்கிவிடுகிறது. இது போதாதென்று, கூடவே கொடுக்கும் போலியோ சொட்டு குடலில் இடத்துக்குப் போட்டி போடுகிறது; முதல் தவணையில் இது அதிகம். சுகாதாரக் குறைவால் ஓயாமல் கிருமிகளைச் சந்திக்கும் குடல், ஊட்டக்குறைவு, சில குழந்தைகளின் குடல் செல்களில் வைரஸ் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை மூலக்கூறு பிறவியிலேயே இல்லாமை எல்லாம் கூடுகின்றன.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருளும் தடையாக இருக்குமோ என்று, சொட்டு கொடுக்கும் நேரத்தையொட்டித் தாய்ப்பாலை நிறுத்திப் பார்த்தார்கள், பலன் இல்லை. (பச்சைக் குழந்தைக்குப் பாலை நிறுத்திவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அது பலிக்காமல் போனதில் எனக்கு நிம்மதியே.) வேலூரில் தவணைகளைக் கூட்டினார்கள், துத்தநாகமும் நல்ல பாக்டீரியாக்களும் சேர்த்துக் கொடுத்தார்கள், கிடைத்த உயர்வு சொற்பம். நம்பிக்கை தருவது, பிறந்த ஐந்து நாளுக்குள் முதல் தவணை கொடுக்கும் வழி. மெல்போர்ன் சிசுக்களிடம் கிடைத்த ரகத்தை வைத்து இந்தோனேசியாவில் நடந்த சோதனையில் கடும் ரோட்டா பேதியிலிருந்து ஒன்றரை வயது வரை 75 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது.

அந்த வழி நடைமுறைக்கு வரும்வரை கையில் இருக்கும் சொட்டை மட்டமாகப் பேசுவது கணக்குத் தெரியாத பேச்சு. சொட்டு வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 78,000 குழந்தைகள் ரோட்டாவால் இறந்ததாக மதிப்பீடு. நோய் குறைவான நாட்டில் 90 சதவீதத் தடுப்பு காப்பாற்றும் உயிர்களைவிட, நோய் மலிந்த நாட்டில் பாதித் தடுப்பு காப்பாற்றும் உயிர்கள் பல மடங்கு. சொட்டால் குடல் செருகல், அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்வது, வருமோ என்ற பயத்துக்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் ரோட்டாஷீல்ட் என்ற பழைய சொட்டு அதனால்தான் 1999-ல் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ரோட்டாவாக் வந்த பிறகு இதையே தேடிப் பார்த்த ஆய்வு, அப்படி ஆபத்து கூடவில்லை என்று 2020-ல் சொன்னது.

ஆகவே அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியது இதுதான். அம்மா, சொட்டு போட்ட பிறகும் பேதி வரலாம். குழந்தை துவண்டு குளுக்கோஸ் ஏற்றும் நிலைக்குப் போகாமல் இருக்கத்தான் சொட்டு. 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணையும் போட்டுவிடுங்கள். முதல் தவணை தள்ளிப்போயிருந்தாலும் ஒரு வயது முடிவதற்குள் தொடங்கலாம். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். பேதி கண்டால் ஓஆர்எஸ் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுங்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.