குதிரைக்கும் ஒரு முதுகுதான்!

ஒரகடத்தில் நாள்தோறும் எத்தனை குதிரைச் சக்தி தயாராகிறது! காரும் லாரியும் மோட்டார் சைக்கிளுமாகத் தொழிற்சாலை வாசலை விட்டு உருண்டோடுகின்றன. வடக்குப்பட்டிலிருந்து ஷிப்டு பஸ் பிடித்து அந்தச் சக்தியோடு மாரடிக்கிறவர்களுக்கு, மே மாதத்தில் நாலு நாள் லீவு கிடைத்தால் கொடைக்கானல் ஞாபகம் வருவது இயற்கை. அங்கே ஏரிக்கரையில் காத்து நிற்பதோ நிஜக் குதிரை. குழந்தை கை நீட்டிவிட்டால் நீங்கள் தப்ப முடியுமா?

கொடைக்கானலுக்கும் குதிரைக்கும் உறவு பழையது. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் முதல் பங்களாக்களைக் கட்டியபோது மோட்டார் பாதை ஏது? பெரியகுளத்துப் பக்கம் அடிவாரத்திலிருந்து டோலியிலோ குதிரையிலோதான் ஏற வேண்டும். வழியிலுள்ள வெள்ளகவி கிராமத்துக்கு அரிசி பருப்பு வந்ததும், அங்கே விளைந்த காப்பிக் கொட்டை சந்தைக்குப் போனதும் தலைமுறை தலைமுறையாகக் குதிரை முதுகில்தான்.

அந்த முதுகைப் பற்றித்தான் இரண்டு வார்த்தை. சுமை சுமக்கும் பிராணிகளுக்கென்று 1965-ல் மத்திய சர்க்கார் விதிகள் வகுத்தது. மட்டக் குதிரைக்கு 70 கிலோ. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. இது மூட்டைக்குச் சொன்ன கணக்கு. மூட்டையாவது ஆடாமல் கிடக்கும். மனிதர் செல்பி எடுக்கத் திரும்புவார்! ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது குதிரை தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு. 250 கிலோ மட்டத்துக்கு 50 கிலோ. ஆகவே, விருந்தில் குறை வைக்காத மாமாக்கள் குழந்தையை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் நடப்பதே உத்தமம். ஏரியைச் சுற்றி வர 5 கிலோ மீட்டர்தானே!

ஏறுமுன் குதிரையைக் கொஞ்சம் பாருங்கள். சேணத்தின் ஓரத்தில் புண், காலில் நொண்டல், துருத்தும் விலா எலும்பு - இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு குதிரைக்குப் போங்கள். குதிரைக்காரரோடு சண்டை வேண்டாம். அவர் குடும்பமும் அந்த முதுகை நம்பித்தான் இருக்கிறது. நல்ல குதிரைக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். "ஓட விடப்பா, காசு தருகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தார் ரோட்டில் லாடம் வழுக்கும்.

இன்னொன்று: குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. சோறு ஒட்டிய பிளாஸ்டிக் பையை விழுங்கிவிட்டால் குடல் அடைத்து, வலியில் புரண்டே உயிர் போகலாம். கொண்டுபோன பை உங்களோடே ஊர் திரும்பட்டும்.

வெள்ளகவிப் பாதையில் நடக்க ஆசையா? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்டதை மறக்கவேண்டாம்; வனத் துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அது அவ்வூர் வழக்கம்.