துணைக் காமிரா

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். விலை குறைந்த சிறிய டிஜிட்டல் காமிரா ஒன்று பெரிய காமிராவுக்குத் துணையாகுமா என்னும் வினாவுக்கும் அம்மூதுரை விடையாகுமோ என ஆராய்ந்து கண்டதை நம் கல்லூரி அன்பர்க்கு ஈண்டுக் கூறுவேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அலுவல் புரியும் யான், விடுமுறை நாட்களிற் பழவேற்காடு செல்வது வழக்கம். ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் அங்கே கெல்திரியா என்னும் கோட்டை கட்டினர். கோட்டை அழிந்தது, அவர்தம் கல்லறைத் தோட்டம் எஞ்சியுள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களும், உள்ளே எழுத்துப் பொறித்த பழைய கற்பலகைகளும் உள. கடலோர உப்புக்காற்று கல்லை மெல்ல மெல்ல அரிக்கும். இன்று படமெடுக்கத் தவறிய எழுத்தை மற்றொரு நாள் படித்தல் அரிதாகலாம். ஆதலின் கையிலுள்ள ஒரே காமிரா இடையிற் பழுதுறுவது சிறு நட்டமன்று.

1975-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் அமைத்த டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தை நாடாவிற் பதிய 23 விநாடி கொண்டது. இன்றோ சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி அதனை நொடியில் முடிக்கின்றது. எனினும் சிறுமைக்கு ஒரு விலையுண்டு. இத்தகைய மலிவான கருவிகள் பலவற்றில் ஒளியை ஏற்கும் சில்லு ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் அகலமும் உடையது. லென்ஸ் மாற்றத்தக்க பெரிய காமிராக்கள் பலவற்றிலோ அதன் பரப்பு இதனினும் 13 மடங்காகும். முற்றத்தில் அகன்ற அண்டாவையும் சிறு கிண்ணத்தையும் வைத்தால், ஒரே மழையில் எதில் மிகுதியாக நீர் சேரும்? ஒளியும் அவ்வாறே. பிக்சல்களின் எண்ணிக்கை மட்டும் இக்குறையை நீக்காது.

வாங்கியதும் செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி இரு காமிராக்களாலும் படமெடுத்தேன். வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒத்தன. இரவு விளக்கொளியிலோ சிறிதன் படத்திற் புள்ளிகள் மலிந்து, பொடியெழுத்துக்கள் கலங்கின.

பின்னர் ஒரு நாட் காலை, கல்லறைகளிற் பாதி முடியுமுன்னரே பெரிய காமிரா இயங்காது நின்றது. சிறியதை எடுத்தேன். சாய்ந்த வெயில் எழுத்துக்குழிகளில் நிழலிட, அவை தெளிவுறப் பதிந்தன. காமிராவிலுள்ள மின்னொளியை நேரே பாய்ச்சியபோது அந்நிழல் மறைந்து எழுத்தும் மறைந்தது. ஆகவே அதனை நிறுத்தினேன். சில்லுச் சிறிதாயின் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளியும். எனவே சரிந்த பலகையும் முழுதும் விளங்கிற்று. ஆயின் மரநிழலிற் கிடந்த ஒரு கல் மங்கலாகவே அமைந்தது. ஏரியில் நின்ற பூநாரைகளோ இளஞ்சிவப்புப் புள்ளிகளாயின.

துணைக் காமிரா கொள்வோர் மூன்றனை மறவாதிருக்க. முதலாவது, இரண்டற்கும் ஒரேவகை நினைவு அட்டை பொருந்துதல் வேண்டும். இரண்டாவது, மின்கலத்தைப் புறப்படுமுன் நிரப்புக. மூன்றாவது, இரண்டன் கடிகாரமும் ஒத்திருக்கட்டும். இன்றேல் எப்படம் எக்கல்லினது என்பது குழம்பும்.

துணைவன் தலைவனாகான். எனினும் தலைவன் சோர்ந்த நாளில் என் மிகுதிக் கற்களைக் காத்துத் தந்தவன் அவனே.